அப்பாவின் திவசம் ரொறன்ரோவில் திங்கட்கிழமை வந்தது

போன எபிசோட்டில் போன் மாத்துறதைப் பற்றிக் கதைத்தபோது, "கலண்டரும் நம்பர்களும் தனிக் கதை, அதை நான் எழுதுறன்" என்று சொல்லித் தப்பியிருந்தேன். தப்பினதுக்குக் காரணம் இருக்கு. அந்தக் கதையில் பிழை விட்டது நான்தான்.

அப்பா தை மாதத் தேய்பிறைப் பஞ்சமியில் போனவர். அவரின் இரண்டாவது திவசம் ஒரு செவ்வாய்க்கிழமை. ஹோர்சன்ஸில் அம்மா விடிய எழும்பி, தோய்ந்து, அப்பாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியும் வாழைக்காயும் சமைத்துப் படைத்தா. நானும் மனைவியும் வேலைக்கு லீவு. படைத்துச் சாப்பிட்டு முடிய, அம்மா ரொறன்ரோவில் இருக்கிற தம்பிக்கு வீடியோ கோல் எடுத்தா. அங்கே காலை எட்டு மணி.

"கோயிலுக்குப் போகேல்லையோ அப்பன்?"

"நேற்றுப் போயிட்டன் அம்மா. பின்னேரம் ஆறு மணிக்குத் திதி தொடங்குது எண்டு கலண்டரில கிடந்தது. மோட்ச அர்ச்சனை செய்தனான். நேற்று முழுக்க மரக்கறிதான்."

"இண்டைக்கு?"

இன்றைக்கு அவன் காரில் இருந்து முட்டையும் இறைச்சியும் வைத்த சான்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. போனை என்னிடம் தந்துவிட்டுக் குசினிக்குள்ளே போயிட்டா. அந்தக் கலண்டரைச் செய்தது நான்.

என்ன நடந்தது என்று சொல்லுறன். நான் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவன், ஒரே நேரத்தில் இரண்டு கொம்பனிகள். இரண்டும் தங்கள் லப்டொப்பைத் தரும், தங்கள் கலண்டரைத் தரும், வெளியில இருந்து ஒன்றையும் உள்ளே விடாது. என் சொந்த போனில் ஒரு கலண்டர். மனைவியின் போன் வேறு கொம்பனியின் போன், அதில் அவவின் வேலை முறை மாறி மாறி வரும். பிள்ளையைப் பராமரிப்பு நிலையத்தில் இருந்து யார் ஏத்துறது என்பது இந்த நாலு கலண்டரும் ஒன்றாகத் தெரிந்தால்தான் விளங்கும். ஆகவே படித்த படிப்பின் திமிரில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒவ்வொரு கால் மணித்தியாலமும் எல்லாக் கலண்டரையும் வாசித்து, குடும்பத்துக்கென்று ஒரு பொதுக் கலண்டரில் எழுதும். தம்பியும் அதைத் தன் போனில் சேர்த்துக்கொண்டான்.

அப்பாவின் திவசத்தை 'முழுநாள்' நிகழ்வாகத்தான் போட்டேன். ஐகலண்டர் என்கிற பொது வடிவத்தில் முழுநாள் நிகழ்வுக்கு வெறும் திகதிதான், மணி கிடையாது. பிறந்தநாள் உலகம் முழுக்க அதே திகதி, அவ்வளவுதான். ஆனால் மைக்ரோசொஃப்டின் எக்ஸ்சேஞ்ச் போன்ற சில அமைப்புகள் முழுநாளை நள்ளிரவில் தொடங்கி அடுத்த நள்ளிரவில் முடிகிற நிகழ்வாகச் சேமித்து, பக்கத்தில் 'இது முழுநாள்' என்று ஒரு அடையாளம் வைக்கும். இரண்டும் சரிதான், ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாத்துகிறவன் கவனமாக இருந்தால். என் ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் நேரமாக மாத்தி, டென்மார்க் நள்ளிரவு என்று எழுதியது. அடையாளத்தை மறந்துவிட்டது. டென்மார்க் நள்ளிரவு ரொறன்ரோவில் முதல் நாள் பின்னேரம் ஆறு மணி. தம்பியின் போனில் அப்பாவின் திவசம் திங்கள் ஆறு மணிக்குத் தொடங்கியது.

இதில் கொடுமை என்னவென்றால், அது நம்பக்கூடிய பிழை. திதி நள்ளிரவில் மாறுவதில்லை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பொறுத்து, பகலிலோ இரவிலோ ஏதோ ஒரு கணத்தில் மாறும். அந்தக் கணம் யாழ்ப்பாணத்தில் செவ்வாய் காலையாக இருந்தால், கனடாவில் அது இன்னும் திங்கள் இரவு. ஆகவே வெளிநாட்டில் சில திவசங்கள் உண்மையாகவே ஒரு நாள் தள்ளித்தான் வரும். தம்பி யோசித்தது, "அண்ணா கனடா நேரத்துக்குப் பார்த்துப் போட்டிருக்கிறார்" என்று. என்னை நம்பினதுதான் அவன் விட்ட பிழை.

சரி, இந்தச் சனியன் ஏன் இன்னும் இப்படி இருக்கு? ஒரு பொது மொழி இல்லையா?

இருக்கு. அதுதான் எரிச்சல். 1990களின் நடுவில் அப்பிள், ஏரிஅன்ட்ரி, ஐபிஎம், சீமன்ஸ் எல்லாம் சேர்ந்த வெர்சிற் என்ற கூட்டமைப்பு, தொடர்புகளுக்கு வீகார்ட், நிகழ்வுகளுக்கு வீகலண்டர் என்று இரண்டு வடிவங்களைச் செய்தது. 1998 நவம்பரில் ஐகலண்டர் ஆர்எஃப்சி 2445 என்ற ஆவணமாக வந்தது. அதை எழுதிய இரண்டு பேரில் ஒருவர் லோட்டஸ், மற்றவர் மைக்ரோசொஃப்ட். அந்த நேரம் ஒஃபிஸ் கலண்டர் சந்தையில் அடிபட்டுக்கொண்டிருந்த இரண்டு எதிரிகள் ஒரே மேசையில் இருந்து எழுதிய ஆவணம்! 2007இல் கல்டாவ் வந்தது. அதுக்கு முதல், ஒரு ஃபைலை அனுப்பலாம், வாங்கலாம், அவ்வளவுதான். கல்டாவ் வந்த பிறகு ஒரு சேர்வரில் இருக்கிற கலண்டரை எந்த மென்பொருளும் திறந்து மாத்தலாம். 2011இல் தொடர்புகளுக்குக் கார்ட்டாவ். காகிதத்தில் எல்லாம் முடிந்தது.

பிறகு 2012 டிசம்பரில் கூகுள் ஒரு அறிவித்தல் விட்டது. ஐபோன் போன்ற போன்களுக்குக் கூகுள் கலண்டரையும் தொடர்புகளையும் கொண்டுபோன 'கூகுள் சிங்க்' சேவை, மைக்ரோசொஃப்டின் அக்டிவ்சிங்க் முறையில் ஓடியது. 2013 ஜனவரி 30இல் இருந்து புதிதாக வருகிற இலவசப் பாவனையாளர்களுக்கு அது இல்லை, கல்டாவைப் பாவியுங்கோ என்றது. விண்டோஸ் போனுக்கு அப்போது கல்டாவே தெரியாது. சரி, திறந்த முறைக்குத்தானே தள்ளுறாங்கள் என்று ஆறுதல்பட மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2013 மார்ச்சில், கூகுள் ரீடரை மூடுகிறோம் என்று சொன்ன அதே அறிவித்தலில், கல்டாவும் இனி அனுமதி வாங்கியவர்களுக்கு மட்டும் என்றார்கள். ரீடருக்காக இணையமே ஒப்பாரி வைத்ததில் அந்த வரியைப் பலர் கவனிக்கவில்லை. ஜூனில் மனம் மாறி, எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் ஒரு கொம்பனி இரண்டு தடவை நினைப்பை மாத்த, மற்றக் கொம்பனியின் போன் வைத்திருந்த சனங்கள் நடுவில் நின்றது.

இன்றைக்கும் பாருங்கோ: கூகுளின் சேர்வர் கல்டாவ் பேசும், ஆனால் அதே கூகுளின் அண்ட்ராய்ட் போன் கல்டாவைத் தானாகப் பேசாது. டாவ்எக்ஸ்-ஃபைவ் மாதிரி இன்னொரு அப் போட வேண்டும். ஐபோன் தானாகவே பேசும். விண்டோஸில் பழைய அவுட்லுக் பேசாது. கல்டாவ் சிங்க்ரனைசர் என்று வியன்னாவில் மாணவர் திட்டமாகத் தொடங்கிய ஒரு இலவசச் செருகியைத்தான் பலர் நம்பியிருக்கிறார்கள். உலகத்தின் மிகப் பெரிய கொம்பனிகளுக்கு இடையில் பாலம் போட்டது மாணவர்கள். எனக்கு இதைக் கஷ்டமான தொழில்நுட்பப் பிரச்சினை என்று சொன்னால் கோபம் வரும். கஷ்டம்தான். ஆனால் பணம் இருக்கிற இடத்தில் இதைவிடக் கஷ்டமானதெல்லாம் நடந்திருக்கு.

உண்மையான கஷ்டத்தையும் சொல்ல வேணும், இல்லாவிட்டால் ஞாயமில்லை. ஒரே நிகழ்வை இரண்டு பக்கமும் மாத்தலாம் என்று விட்டால், எது கடைசி மாற்றம், எது பழைய பிரதி என்று யாராவது தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு தனி அடையாள எண் உண்டு. பிரதி எடுக்கும்போது புது எண் கொடுத்தால், முதல் கலண்டருக்கு அது தெரியாத புது நிகழ்வு. அதுவும் அதைப் பிரதி எடுத்துத் திருப்பி அனுப்பும். என் ஸ்கிரிப்டின் முதல் இரவில் எனக்கு ஒரு பல் வைத்தியர் சந்திப்பு இருந்தது. காலையில் எழும்பிப் பார்க்க, கலண்டர் முழுக்கப் பல் வைத்தியர்.

நேர வலயம் அதைவிட மோசம். எங்கட ஆக்களுக்கு இது புதுசில்லை. 1996 மே 25இல் இலங்கை மின்சாரம் மிச்சம் பிடிக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்ரோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது. 2006 ஏப்ரல் 15இல் பழையபடி ஐந்தரைக்கு வந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்கள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. பத்து வருடம் ஒரே தீவில் இரண்டு நேரம். அம்மா இப்பவும் 'பழைய நேரம், புது நேரம்' என்று அந்தக் காலத்தைச் சொல்லுவா. உங்கட போன்கள் பாவிக்கிற நேர வலய அட்டவணையில் இலங்கைக்கு 'கொழும்பு' என்று ஒரே ஒரு வலயம்தான். 1999இல் கிளிநொச்சியில் நடந்த ஒரு கலியாணத்தின் நேரத்தை அதில் சரியாகப் போட வழியில்லை.

ஹோர்சன்ஸ்காரர் ஒருவருக்கும் இதே தலையிடி இருந்தது. பெருங் கடலுக்கும் நீரிணைக்கும் பெயர் கொடுத்த வித்துஸ் பேரிங் 1681இல் இங்கேதான் பிறந்தவர், ஊருக்குள் அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கு. 1700இல் டென்மார்க் புது நாட்காட்டிக்கு மாறியபோது பெப்ரவரி 18க்கு அடுத்த நாள் மார்ச் 1. பிறகு அவர் ரஷ்யக் கடற்படையில் சேர்ந்தார். அங்கே இன்னும் பழைய நாட்காட்டி. ஆள் 11 நாள் பின்னுக்குப் போய் வேலை செய்தார். அவர் இறந்தது ரஷ்யக் கணக்கில் 1741 டிசம்பர் 8, எங்கட கணக்கில் டிசம்பர் 19. பேரிங்குக்கு யாராவது திவசம் செய்தால் எதில் செய்வது?

இங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கிழமை எண் தெரியும். டெனிஷ்காரர் திகதி சொல்ல மாட்டினம், "42இல சந்திப்பம்" என்பினம். இலையுதிர் விடுமுறைக் கிழமை அது. அமெரிக்கக் கணக்கில் ஜனவரி 1 விழுகிற கிழமைதான் முதலாவது, ஐரோப்பியக் கணக்கில் முதல் வியாழன் விழுகிற கிழமை. 2021 முழுக்க இரண்டும் ஒன்றால் தள்ளி ஓடின. மென்பொருள் அமெரிக்க அமைப்பில் கிடந்தவர்கள் 42இல் ஆளில்லாத ஒஃபிசுக்கு வந்திருப்பார்கள், அல்லது பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்திருப்பார்கள்.

இப்ப நம்பர்கள். அம்மாவின் பழைய போனில் இருந்து புதுசுக்கு மாத்தினபோது நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுறன், ஏனென்றால் உங்களில் பாதிப் பேர் இதை உங்கட அம்மாவுக்குச் செய்யப்போறீங்கள். அம்மா பெயர்களைத் தமிழில் போட்டு வைத்திருந்தா. 'வைல மாமி', 'சுதுமலை ஆச்சி', 'மீன்காரத் தம்பி' என்ற மாதிரி. (வைல என்றால் வெய்ல. அம்மாவின் டெனிஷ்.) பழைய போன் பழைய வீகார்ட் வடிவத்தில் எழுதித் தந்தது. அதில் தமிழ் எழுத்து நேராக வராது, சமன் குறியும் ஆங்கில எழுத்தும் இலக்கமுமாக மாறித்தான் வரும். புதுப் போன் அதைத் திருப்பி மாத்தவில்லை. அம்மாவின் பட்டியலில் எல்லா உறவும் சமன் குறி, ஈ, பூச்சியம் என்று தொடங்கியது. ஏனென்றால் யூரிஎஃப்-8இல் தமிழ் எழுத்துகள் எல்லாம் அந்த ஈ-பூச்சியத்தில்தான் தொடங்கும். ஆச்சியும் மீன்காரரும் ஒரே ஆள்!

இன்னொன்று: இந்த வடிவங்களில் ஒரு வரி 75 பைட்டுக்கு மேல் போகாமல் மடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் அது 75 எழுத்து. தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், 'கு' என்ற ஒரு எழுத்துக்கே இரண்டு குறியீடு. ஒழுங்காக எழுதாத மென்பொருள் ஒரு எழுத்தின் நடுவில் வெட்டி மடிக்கும். உங்கட கலண்டரில் தமிழ்ச் சொல்லுக்கு நடுவில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் வந்தால், அது அந்த வெட்டுத்தான்.

பெயர் என்ற இடமும் எங்களுக்காகச் செய்ததில்லை. குடும்பப் பெயர், முற்பெயர் என்று இரண்டு பெட்டி. எங்கட அப்பாமார் டென்மார்க் வந்து பதிந்தபோது தங்கள் பெயர் எங்களுக்குக் குடும்பப் பெயராகப் போனது. நான் வேலை செய்த ஒரு இடத்தில் ஊழியர் பட்டியலை ஒரு மென்பொருளில் இருந்து இன்னொன்றுக்கு மாத்தினபோது இரண்டு பெட்டியும் இடம் மாறின. ஒரு கிழமை முழுக்க மீட்டிங்கில் எல்லாரும் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்பா போய் நாலு மாதம் அப்போது. நான் திருத்தச் சொல்லவில்லை.

அம்மாவின் பட்டியலைத் திருத்துகிறேன் என்று போய் இரட்டைப் பதிவுகளை அழித்தேன். யாழ்ப்பாண நம்பர் ஒன்றே 021 என்று ஒன்று, 0094 21 என்று ஒன்று, சக அடையாளத்தோடு ஒன்று என மூன்று தடவை கிடந்தது. போனில் அழிக்க, சிங்க் அதை விசுவாசமாக எல்லா இடத்திலும் அழித்தது. சில உண்மையான நம்பர்களும் சேர்ந்து போயின. அந்த நேரம் பதற்றத்தில் எனக்கு ஞாபகம் வராததை உங்களுக்குச் சொல்லுறன்: கூகுள் கொன்டக்ட்ஸில் 30 நாளுக்குள் பழைய நிலைக்குத் திருப்பலாம், ஐகிளவுட் இணையத்தளத்திலும் தொடர்புகளையும் கலண்டரையும் அண்மைய சேமிப்பில் இருந்து மீட்கலாம். போனில் தேடாதேங்கோ, கொம்பியூட்டரில் உள்நுழைந்து பாருங்கோ. அம்மா அதுக்கிடையில் மேசை லாச்சியில் இருந்து 1991ஆம் ஆண்டு டயறியை எடுத்து, "எந்த நம்பர் இல்லை, சொல்லு" என்றா.

ஐரோப்பாவில் எங்களுக்குச் சட்டம் இருக்கு. 2018 மே 25இல் இருந்து, ஜிடிபிஆர் 20ஆவது பிரிவின்படி, நீங்கள் கொடுத்த தரவை இயந்திரம் வாசிக்கக்கூடிய வடிவத்தில் திருப்பிக் கேட்கலாம். நல்ல சட்டம். ஆனால் அது தருவது ஒரு பிரதி. வீடு மாறுகிறவனுக்கு அது போதும். இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் இருக்கிறவனுக்கு, அதாவது ஒரு கொம்பனியின் லப்டொப்பும் இன்னொரு கொம்பனியின் போனும் வைத்திருக்கிற எங்களுக்கு, பிரதி எடுத்த அடுத்த நிமிடமே அது பழசு.

ஸ்கிரிப்டை அழித்துவிட்டேன். இப்போது எங்கட வீட்டில் ஒரு தலைக் கலண்டர், அதில் மட்டும்தான் எழுதலாம். மற்ற எல்லாம் அதை வாசிக்க மட்டும். வேலையிடக் கலண்டரில் இருந்து எனக்கு வேண்டிய இரண்டு மூன்றைக் கையால் அடிக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கு. வாசிக்க மட்டும் என்ற இணைப்பு உடனே புதுப்பிக்காது, சில சேவைகளில் பல மணித்தியாலம் எடுக்கும், அதனால் "இன்றைக்குப் பிள்ளையை நீ எடு" என்பதை இன்னும் மெசேஜில்தான் அனுப்புகிறோம். நம்பர்கள் எல்லாம் சக அடையாளமும் நாட்டு எண்ணுமாக. எதையும் துப்பரவாக்க முதல் ஒரு பிரதி எடுத்து வேறு இடத்தில் வைக்கிறேன்.

திவசத்துக்கு மட்டும் ஒரு வழியும் கிடைக்கவில்லை. 'ஒவ்வொரு வருடமும்' என்று அழுத்தினால் அது ஆங்கிலத் திகதியில் திரும்ப வரும். திதியோ ஒரு வருசம் 11 நாள் அளவில் முன்னுக்கு வரும், இன்னொரு வருசம் பின்னுக்குப் பாயும். 2015இல் ஆர்எஃப்சி 7529 என்று ஒன்று வந்தது, வேற்று நாட்காட்டிகளில் திரும்பத் திரும்ப வருகிற நாட்களுக்காக. ஆர்வமாக வாசித்தேன். சீனப் புத்தாண்டு, எபிரேய ஆண்டு நினைவு, எத்தியோப்பியாவின் 13ஆம் மாதம் எல்லாம் உதாரணமாக இருக்கு. திதி அதில் இல்லை. யாராவது சேர்க்க நினைத்தாலும் முதலில் எங்களிட்டத்தான் கேட்க வேணும்: வாக்கிய பஞ்சாங்கமா, திருக்கணிதமா? யாழ்ப்பாணத்திலேயே இரண்டு பஞ்சாங்கம், வருசப்பிறப்பு நேரமே இரண்டிலும் வேறு வேறு. கூகுளும் அப்பிளும் ஒத்துப்போகவில்லை என்று நாங்கள் கத்துறம்!

ஆகவே வருடத்துக்கு ஒரு தடவை அம்மாவின் குசினி மேசையில் இருக்கிறேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பஞ்சாங்கத்தை வாசிப்பா, நான் அடிப்பேன். அப்பா, அப்பப்பா, அம்மம்மா, 2009இல் போன சின்ன மாமா. மாமாவுக்குத் திகதி தெரியாது, ஆகவே அம்மா ஒரு அமாவாசையை அவருக்கென்று வைத்திருக்கிறா. எல்லாம் முழுநாள், எல்லாம் ஒரு வருடத்துக்கு மட்டும். கனடாவுக்கு நாள் மாறுமோ என்று அம்மா பிராண்டேயில் அபிராமி அம்மன் கோயிலில் கேட்டுச் சொல்லுவா, மாறினால் தம்பிக்கென்று தனியாக ஒன்று போடுவேன்.

போன தையில் எல்லாம் சரியாக வந்தது. தம்பியின் போனில் செவ்வாய் செவ்வாயாகவே கிடந்தது. என்றாலும் அவன் முதல் நாளே அம்மாவுக்குப் போன் எடுத்து, "அம்மா, நாளைக்குத்தானே?" என்று கேட்டவனாம்.